மார்ஃபின் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்குக் கடைசி மூன்று வாரம் வீட்டிலேயே வலிக்கு மார்ஃபின் சிரப். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்துக்குள் விடுவேன். கசப்பில் முகம் சுளிப்பார். அரை மணியில் புருவம் தளரும். 1600களில் ஐரோப்பாவில் இப்படிக் கிடந்தவர்களை வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்களா?

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற மருந்தாளர்: இல்லை தங்கச்சி, அபினி இருந்ததே. லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் ஸ்பானிய ஒயினில் அபினி, குங்குமப்பூ, பட்டை, கிராம்பு ஊறவைத்து லாடனம் என்ற வலிமருந்து செய்தார். (நம்ம பினாங்கு பாலிக் பூலாவ் கிராம்பு வாசம் வந்திருக்கும் போல!) சிக்கல் அளவில்தான். ஒவ்வொரு அபினிக் கட்டிக்கும் ஒவ்வொரு வீரியம். சொட்டு எண்ணிக் கொடுத்தாலும் மூச்சு அடங்கிவிடுமோ என்ற பயம். அபினியிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தவர் ஜெர்மன் மருந்தாளர் சேர்ட்யூர்னர், 1800களின் தொடக்கத்தில்.

கிள்ளான் சாலையிலிருந்து இன்னொருவர்: பிழைக்க வழியில்லாதவர் நோகாமல் போக உதவுவதும் வைத்தியர் வேலைதான் என்று ஆங்கிலத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன் 1605-லேயே எழுதிவிட்டார். ஜனங்களிடம் வேறு கைவைத்தியம்: சீக்கிரம் போகட்டும் என்று தலையணையைச் சட்டென உருவிவிடுவார்களாம். தலையணைக்குள் இருக்கும் சில பறவைகளின் இறகு உயிரைப் பிடித்து வைக்கும் என்று நம்பிக்கை.

ஆயர் ஈத்தாம்: தலையணையா! அப்பாவுக்கு இரண்டு வைத்தேன். சாய்த்து வைத்தால்தான் மூச்சே வந்தது.