5 வெள்ளி ஹெட்ஸ்-அப் போக்கர்: காசு வைத்து ஆடலாமா?

துவாஸ்_நைட்ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக போனில் இலவசச் சில்லு வைத்து ஹெட்ஸ்-அப் போக்கர் ஆடுகிறேன். பெரிய மேசை கிடையாது, எதிரே ஒரே ஆள், ஆளுக்கு 1,500 சில்லு, யாராவது ஒருத்தர் காலியாகும்வரை ஆட்டம். இரவு வேலை முடிந்து வந்து தூக்கம் வராத நேரத்துக்கு நல்லா இருக்கு, பாதிக்கு மேல் ஜெயிக்கவும் செய்கிறேன். இப்போது கூட வேலை செய்யும் நண்பன், வெளிநாட்டுத் தளம் ஒன்று இருக்கு, ஆளுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டும் மேசை, அதில் 25 காசு தளத்துக்குப் போகும், விபிஎன் போட்டால் போதும், நீ ஆடுகிற ஆட்டத்துக்குக் கைச்செலவுக் காசாவது வரும் என்கிறான். 5 வெள்ளிதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கும் தோன்றுகிறது. உண்மையிலேயே இதில் சம்பாதிக்க முடியுமா?

இன்னொன்று, ஆட்டம் பற்றியது. சிலர் பட்டன் (சீட்டுப் போடுகிறவர் இடம்) கையில் வரும்போதெல்லாம் ரைஸ் போட்டு, பெரிய பிளைண்டை இரண்டு மடங்காக்கிவிடுகிறார்கள். நேற்று பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் சில்லு) பட்டனுக்கு 50, எதிரே இருப்பவருக்கு 100, இரண்டு பேரிடமும் ஏறக்குறைய 1,500. பட்டனில் இருந்த எதிராளி 200 போட்டான். என்னிடம் கிளாவர் ராணி, ஆட்டின் ஒன்பது. மடித்துவிட்டேன் (அந்தக் கையை விட்டு விலகிவிட்டேன்). அடுத்த முறையும் அதே 200, இந்த முறை என்னிடம் ஜாக்-ஏழு, அதையும் மடித்தேன். இப்படியே சில்லு கரைந்து போகிறது. நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பது தப்பா?

தோபாயோ_மாமா

தம்பி, முதலில் சட்டம். சிங்கப்பூரில் இணையத்தில் காசு வைத்து ஆடும் போக்கரை நடத்த யாருக்கும் உரிமம் கிடையாது. உரிமம் உள்ள சிங்கப்பூர் பூல்ஸில் 4டி, தோத்தோ லாட்டரி, பந்தயம் இருக்கு, போக்கர் இல்லை. 2022 ஆகஸ்ட் 1 முதல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கு. உரிமம் இல்லாத இடத்தில் ஆடுகிறவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 5 வெள்ளிக்கு ஆடினால் பரவாயில்லை என்று அதில் எங்கும் எழுதவில்லை. விபிஎன் போட்டால் தளம் திறக்கும், அவ்வளவுதான். குற்றம் குற்றமாகவேதான் இருக்கும்.

ஊருக்குப் போய் ஆடிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், இணையத்தில் காசு கட்டி ஆடும் எல்லா ஆட்டத்தையும் தடை செய்துவிட்டது.

உங்கள் நண்பன் ஜெயித்த காசைக் கையில் வாங்கியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படி ஒரு தளத்தில் சேர்த்த காசை எடுக்கப் போனபோது பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், அனுப்பினான், கணக்கையே மூடிவிட்டார்கள். போலீசுக்கா போக முடியும்?

பொங்கோல்_கணக்குடீச்சர்

மாமா சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் கணக்கை மட்டும் போடுகிறேன், ஏனென்றால் "கைச்செலவுக் காசு" என்ற இடத்தில்தான் உங்கள் நண்பர் கோட்டை விடுகிறார்.

நீங்கள் 5 வெள்ளி, அவர் 5 வெள்ளி, தளம் ஆளுக்கு 25 காசு எடுத்துக்கொள்கிறது. ஜெயித்தவருக்கு 9.50. அதாவது நஷ்டம் இல்லாமல் இருக்கவே நூற்றுக்கு 52.6 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். "பாதிக்கு மேல்" என்று எழுதியிருக்கிறீர்களே, 51 ஜெயித்தாலும் அது பாதிக்கு மேல்தான், ஆனால் காசு போய்க்கொண்டிருக்கும்.

சரி, நீங்கள் நல்ல ஆட்டக்காரர், 55 விழுக்காடு ஜெயிக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி லாபம் இருபத்திரண்டரை காசு. ஓர் ஆட்டம் 20 நிமிடம் என்றால் மணிக்கு 70 காசுகூட இல்லை. இரண்டு மணி நேரம் கண்விழித்து ஆடினால் கோப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ குடிக்கலாம், அதுவும் கடையைப் பொறுத்து. அந்த லாபம்கூட ஒழுங்காக வராது. 100 ஆட்டத்தில் எதிர்பார்க்கும் லாபம் 22.50, ஆனால் அதிர்ஷ்டத்தால் மட்டுமே ஏறி இறங்குவது சாதாரணமாக 47 வெள்ளி இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். அதனால் இவ்வளவு நன்றாக ஆடுகிறவரும் மூன்றில் ஒரு தடவை 100 ஆட்டம் முடிந்து பார்க்கும்போது நஷ்டத்தில்தான் இருப்பார். அதே கணக்கில், சுமாராக ஆடுகிறவர் 100 ஆட்டத்தில் லாபம் பார்த்துவிட்டுத் தன்னைப் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்து 20 வெள்ளி மேசைக்குப் போவதும் நடக்கும். எனக்கு அதுதான் அதிகப் பயம்.

ரிவர்_ராஜன்

டீச்சர் கணக்கில் கைவைக்க முடியாது. நான் ஆட்டத்துக்கு வருகிறேன், காசு வைத்தாலும் வைக்காவிட்டாலும் இது ஒன்றுதான்.

துவாஸ் தம்பி, ராணி-ஒன்பதை மடித்தது பெரிய ஓட்டை. ஒன்பது பேர் மேசையில் அது குப்பை, ஹெட்ஸ்-அப்பில் அது நல்ல கை. எதிராளி எந்த இரண்டு சீட்டு வைத்திருந்தாலும் சராசரியாகப் பாதிக்கு மேல் ஜெயிக்கும். அவன் 200 போட்டிருக்கிறான், உங்கள் 100 ஏற்கெனவே உள்ளே இருக்கு. இன்னும் 100 போட்டால் 300ஐப் பிடிக்கலாம். நான்கில் ஒரு தடவை ஜெயித்தாலே அந்த 100க்குச் சரியாகிவிடும். கண்மூடித்தனமாக ரைஸ் போடும் ஆளுக்கு எதிராக மூன்று-இரண்டுகூட நூற்றுக்கு 32 தடவை ஜெயிக்கும்! அதற்காக மூன்று-இரண்டையெல்லாம் ஆடச் சொல்லவில்லை, ஏனென்றால் ஃபிளாப்புக்கு (மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுவது) அப்புறம் முதலில் வாய் திறக்க வேண்டியது நீங்கள், அவன் பார்த்துவிட்டு முடிவு செய்வான், அதனால் உங்கள் கைக்கு உரிய பங்கு முழுசாக வந்து சேராது. ஆனால் ராணி-ஒன்பது, ஜாக்-ஏழு, எந்த ஏஸ், எந்த ராஜா, ஜோடி எல்லாம் கால் செய்யலாம் (அவன் வைத்ததற்குச் சமமாக வைப்பது), அல்லது பெரிய பிளைண்டைப் போல் 15 மடங்கு சில்லுதான் இருப்பதால் சிலவற்றை ஆல்-இன்னே (இருக்கும் சில்லு முழுவதையும்) தள்ளலாம்.

அவன் பக்கத்திலிருந்து யோசியுங்கள். அவன் கூடுதலாக வைப்பது 150, நீங்கள் மடித்தால் அவனுக்குக் கிடைப்பதும் அதே 150. ஆக, இரண்டில் ஒரு தடவைக்கு மேல் நீங்கள் மடித்தால் அவன் சீட்டைப் பார்க்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு 200 போட்டாலும் லாபம். அதைத்தான் அவன் செய்துகொண்டிருக்கிறான். சில்லு கரைவதற்குக் காரணம் சீட்டு வராதது இல்லை.

ஃபிளாப்பில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஜோடி இல்லாத கை ஃபிளாப்பில் ஜோடியாவது ஆவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். அவனுக்கும் அதே கதி. ராஜா-ஒன்பது-நான்கு என்று விழுந்து உங்கள் ஒன்பதுக்கு ஜோடி சேர்ந்திருந்தால், ராஜாவைக் கண்டு பயந்து ஒரே பெட்டுக்கு ஓடாதீர்கள்.

பிளைண்ட் ஏறி கையில் 8, 10 பிளைண்ட்தான் மிச்சம் என்றால் பட்டனில் தள்ளு அல்லது மடி, வேறு அலங்காரம் வேண்டாம். 10 பிளைண்டில் பாதிக்கு மேற்பட்ட கைகளைத் தள்ளலாம், அதற்கு இணையத்தில் அட்டவணையே இருக்கு. இரண்டாம் பரிசு இல்லாத ஆட்டம் என்பதால் கணக்கு சுலபம், உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்குத் தனி மதிப்பு கிடையாது.

துவாஸ்_நைட்ஷிப்ட்

நன்றி எல்லோருக்கும். மணிக்கு 70 காசு என்று பார்த்ததும் நண்பனுக்கே ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை :) ஆனால் இலவசச் சில்லில் ஒரு சிக்கல், யாருக்கும் அக்கறை இல்லை, முதல் கையிலேயே ஆல்-இன். அதில் என்ன கற்றுக்கொள்வது?

ரிவர்_ராஜன்

காசு மேசையில் எதிரே இருப்பது மனிதன்தான் என்று என்ன நிச்சயம்? லிமிட் ஹெட்ஸ்-அப்பை (எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு வரம்பு உள்ள ஆட்டம்) 2015லேயே கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக்காரர்கள் கணினியால் ஏறக்குறைய முழுசாகத் தீர்த்துவிட்டார்கள். 2017ல் பிட்ஸ்பர்க் சூதாட்டக் கூடம் ஒன்றில் லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு முன்னணி ஆட்டக்காரர்களோடு வரம்பே இல்லாத நோ-லிமிட்டில் 120,000 கை ஆடி நான்கு பேரையும் தோற்கடித்தது. இன்றைக்குச் சின்ன மேசையில் ஏதாவது ஒரு நிரலை ஓட்டிவிடுவது எவ்வளவு சுலபம்? அதற்கு இலவசச் சில்லு மடையன் எவ்வளவோ மேல்.

பேசாமல் அதே நண்பனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நேரில் உட்கார்ந்து ஆடினால் அவன் எப்போது தயங்குகிறான், எப்போது அவசரப்படுகிறான் எல்லாம் தெரியும்.

தோபாயோ_மாமா

அது சரியான யோசனை. வீட்டில், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், யாரும் கமிஷன் எடுக்காமல் ஆடுவதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கு. சீனப் புத்தாண்டுக்கு வீடுகளில் ஆடுவதெல்லாம் அப்படித்தான். ஆனால் வீட்டுக்குள் மட்டும். புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் உட்காராதீர்கள். நண்பர்கள்தானே என்று இணையத்தில் காசு வைத்தாலும் அந்த விலக்கு கிடையாது.

உங்கள் நண்பர் ஏற்கெனவே நிறைய விட்டிருந்தால் 1800-6-668-668க்கு அழைக்கச் சொல்லுங்கள். என்சிபிஜி என்ற சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் நடத்தும் உதவி எண், திட்ட மாட்டார்கள்.

துவாஸ்_நைட்ஷிப்ட்

சரி மாமா, சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஆடுகிறோம், தோற்றவர் தேக்காவில் பிரியாணி வாங்க வேண்டும். ஒரு சந்தேகம், போனில் தானாகவே சீட்டு விழுந்துவிடும், கையால் போடும்போது முதல் சீட்டு யாருக்கு?

ரிவர்_ராஜன்

பட்டன்காரர்தான் சின்ன பிளைண்ட், கலைத்துப் போடுவதும் அவரே. முதல் சீட்டு எதிரே இருக்கும் பெரிய பிளைண்டுக்கு, கடைசிச் சீட்டு பட்டனுக்கு. ஃபிளாப்புக்கு முன்னால் பட்டன்காரர் முதலில் பேச வேண்டும், ஃபிளாப்புக்கு அப்புறம் கடைசியில். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்டை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பிரியாணிக் கடை மூடிவிடும்.