'டீக்கு வா' என்றால் என்ன பொருள்? உங்கள் அனுபவம்

லீட்ஸ் செவிலியர்:
மூன்று ஆண்டுகள் ஆகியும் மனதை அரிக்கிறது. வார்டில் என்னுடன் வேலை பார்க்கும் மூத்தவர், "சனிக்கிழமை ஐந்தரைக்கு டீக்கு வா" என்றார். டீதானே என்று சாம்பார் சாதம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு போனேன். மேசையில் கத்தி, முட்கரண்டி, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. நான் சைவம் என்று எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, சீஸும் வெங்காயமும் உள்ளே வைத்து மாவால் மூடிச் சுடும் 'பை' (pie) ஒன்றைத் தனியாகச் சுட்டிருந்தார். அதன் மேல் மாவிலேயே என் பெயரின் முதல் எழுத்தை வெட்டி ஒட்டியிருந்தார். நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். வயிற்றுவலி என்று பொய் சொன்னேன்.

லண்டன் வாசகர்:
இங்கே பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். டீ என்றால் டீதான். மிஞ்சினால் கூட ஒரு துண்டு கேக். சாப்பாடு என்றால் அவர் சாப்பாடு என்றே சொல்லியிருக்க வேண்டும்.

மான்செஸ்டர் அப்பா:
லண்டனை வைத்து இங்கிலாந்து முழுவதையும் அளக்காதீர்கள், ஐயா. என் மகனின் பள்ளியில் 'டின்னர்' பணம் கட்டச் சொன்னபோது, இராச்சாப்பாடு பள்ளியில் எதற்கு என்று அலுவலக வாசலில் நின்று கேட்டவன் நான். லீட்ஸும் மான்செஸ்டரும் இருக்கும் வடக்கு இங்கிலாந்தில் பலருக்கு மதியச் சாப்பாடு டின்னர், மாலைச் சாப்பாடு டீ. 19ஆம் நூற்றாண்டில் ஆலையிலிருந்து பசியோடு திரும்பிய தொழிலாளர்கள் ரொட்டி, இறைச்சியோடு தேநீரும் குடித்த வேளை அது. 'ஹை டீ' என்ற பெயரும் அந்தச் சாப்பாட்டுக்கு உரியதுதான். பல ஹோட்டல்கள் அதே பெயரில் கேக்கும் ஸ்கோன் என்ற சிறு பன்னும் விற்கின்றன. புதிதாக வருபவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். மூன்று, நான்கு மணி என்றால் கேக். ஐந்து, ஆறு என்றால் பசியோடு போங்கள். வெறும் தேநீருக்கு இங்கே 'ப்ரூ' என்பார்கள். எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேளுங்கள், பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

கிளாஸ்கோ, யாழ்ப்பாணத்தவர்:
எங்களுக்கு நேர்ந்தது தலைகீழ். ஊரில் தேத்தண்ணிக்கு அழைப்பதுபோல் அயல்வீட்டாரை "டீக்கு வாருங்கள்" என்றேன். வடையும் தேத்தண்ணியும் வைத்தோம். ஐந்தரைக்கு நான்கு பேரும் வந்தார்கள். வடை முடிந்ததும் சின்ன மகள் தாயின் காதில், "டீ எப்போது?" என்று கேட்டாள். கோப்பை அவள் கையில்தான் இருந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் புட்டுக்கு மா குழைத்தாள்.

லீட்ஸ் செவிலியர்:
லண்டன் ஐயா, அவர் பேச்சில் பிழை இல்லை. அவர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். வயிற்றுவலி என்றதும் மீதி 'பை'யைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். மறுநாள் காலையில் முழுவதையும் சாப்பிட்டேன். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.