கேள்வித்தாளின் தமிழைச் சரிபார்க்க உதவி வேண்டும்

வணக்கம். இணையவழிப் பாலியல் வன்முறை குறித்துத் தமிழ்நாட்டுப் பெண்களிடம் நடத்தும் ஆய்வுக்குக் கேள்விகள் எழுதுகிறோம். சொற்களில்தான் சிக்கல்.

"இணையத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானீர்களா?" என்று கேட்டால் பலர் இல்லை என்றுவிடுவார்கள். படத்தைக் காட்டி மிரட்டியதை அந்தப் பெயரில் யார் நினைக்கிறார்கள்? நடந்ததையே கேட்க வேண்டும்: "கடந்த 12 மாதங்களில், சம்மதம் இல்லாமல் உங்கள் அந்தரங்கப் படத்தை யாராவது பிறருக்கு அனுப்பினார்களா?" எடுத்தது, பரப்பியது, பரப்புவேன் என்று மிரட்டியது மூன்றும் தனித்தனிக் கேள்விகள். சேர்த்துக் கேட்டால் 'ஆம்' எதற்கென்றே தெரியாது.

"அந்தரங்கப் படம்" என்றால் நிர்வாணப் படம் மட்டும் என்று எடுத்துக்கொள்வார்களோ என்பதே பெரிய கவலை. துப்பட்டா இல்லாத ஒரு செல்ஃபியே சில வீடுகளில் பெண்ணின் படிப்பை நிறுத்தப் போதும். உங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கு என்ன சொல்வார்கள்?

கூகுள் படிவம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டுக்கு ஒரே செல்போன் என்றால் லிங்க் கணவர் கண்ணில் படும். நேரில், தனியாக, உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும். நடுவே யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மாறிக்கொள்ள, ரேஷன், குடிநீர் பற்றி 5 கேள்விகளும் எழுதித் தாருங்கள்.

சொந்த அனுபவத்தையோ பெயர்களையோ பதிலில் எழுத வேண்டாம். உடனடி உதவிக்கு 181 எண்ணை அழைக்கலாம்.