ஒரே வீட்டுக்கு 9 நாட்களா, 74 நாட்களா? எந்தக் கணக்கை நம்புவது?

வீடு தேடுபவர்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் முதல் வீடு வாங்குவதற்காக நானும் என் மனைவியும் சில மாதங்களாகத் தேடிவருகிறோம். எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு வீடு சந்தைக்கு வந்து 9 நாட்கள் ஆனதாக இணையதளம் காட்டுகிறது. எங்கள் முகவர் அனுப்பிய எம்.எல்.எஸ். (முகவர்கள் விற்பனை வீடுகளைப் பட்டியலிடும் பொதுத் தரவுத்தளம்) தாளிலோ டி.ஓ.எம். (சந்தையில் இருந்த நாட்கள்) 9 என்றும், அதற்கு அடுத்த கட்டத்திலேயே சி.டி.ஓ.எம். (சந்தையில் இருந்த மொத்த நாட்கள்) 74 என்றும் இருக்கிறது. சமையலறை ஜன்னலில் நீலத் தொட்டி வைத்த அதே படத்தை இரண்டு மாதங்களுக்கு முன்பே பார்த்ததாக என் மனைவி உறுதியாகச் சொல்கிறார். இந்த நாட்களை யார், எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

முகவர்:
உங்கள் மனைவி சொல்வது சரியாகவே இருக்கும். எம்.எல்.எஸ். என்பது ஒரே அமைப்பு அன்று. நாடு முழுவதும் வட்டாரத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, விதிகளும் ஆளுக்கொரு விதமாக இருக்கின்றன. பொதுவாக, வீடு 'ஆக்டிவ்' (விற்பனைக்குத் திறந்திருக்கும்) நிலைக்கு வரும் நாளில் டி.ஓ.எம். ஓடத் தொடங்கும், ஒப்பந்தமாகி 'பெண்டிங்' ஆனதும் நிற்கும், ஒப்பந்தம் முறிந்து வீடு திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தற்காலிகமாக விலக்கி வைத்த நாட்களும், பல இடங்களில் 'கமிங் சூன்' (விரைவில் விற்பனைக்கு வரும் என்ற முன்னறிவிப்பு) நாட்களும் கணக்கில் சேர்வதில்லை.

வீட்டை விற்பனைக்குப் பட்டியலிட்ட பழைய பதிவை ரத்துசெய்துவிட்டுப் புதிய எண்ணில் பதிந்தால் டி.ஓ.எம். மறுபடியும் தொடக்கத்துக்கே போய்விடும். அதற்காகத்தான் முந்தைய பதிவுகளின் நாட்களையும் கூட்டிச் சொல்லும் சி.டி.ஓ.எம். இருக்கிறது. உங்கள் வீடு முன்பு 65 நாட்கள் விற்காமல் இருந்து, இப்போது புதிய பதிவில் 9 நாட்களைக் கடந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. ஆனால் வீடு குறிப்பிட்ட காலம் சந்தைக்கு வெளியே இருந்துவிட்டால் சி.டி.ஓ.எம். கூட அழிந்துவிடும், அந்தக் காலம் சில இடங்களில் 30 நாட்கள், வேறு சில இடங்களில் 60 அல்லது 90 நாட்கள்.

பொருளியல் படித்தவர்:
இந்த எண் விலையையே அசைக்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு விதிகள். 2006 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநில எம்.எல்.எஸ்., மறுபதிவு செய்து நாட்கணக்கை அழிப்பதைத் தடைசெய்தது. அண்டை மாநிலமான ரோட் ஐலண்டில் அப்படியொரு மாற்றம் வரவில்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு, தடைக்குப் பிறகு மாசசூசெட்ஸ் வீடுகளின் விற்பனை விலை சராசரியாக 16,000 டாலர் குறைந்ததாகக் கண்டது. வீட்டில் எந்த மாற்றமும் இல்லை. வாங்குபவர் கண்ணுக்கு உண்மையான நாட்கள் தெரியவந்தன, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு வாங்கியவர்:
மொத்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பதிவு வரலாறு முழுவதையும் கேட்டு வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டுக்கு 31 நாட்கள் மட்டுமே காட்டியது. வரலாற்றைத் திறந்தபோது, அது இரண்டு முறை பெண்டிங் ஆகி இரண்டு முறையும் ஆக்டிவுக்குத் திரும்பியிருந்தது. முதலாமவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. இரண்டாமவர் வீட்டு ஆய்வு முடிந்ததும் விலகியிருந்தார். அந்த ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெற்றோம். அடித்தளச் சுவரில் நீர் கசிந்த தடம் படத்தோடு இருந்தது. நாங்களும் விலகிவிட்டோம். பெண்டிங்கில் கழிந்த வாரங்கள் அந்த 31-இல் சேரவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

மற்றொருவர்:
ஒரு சிறு குறிப்பு: உங்கள் பகுதி வீடுகளின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) நாட்கணக்கோடு ஒப்பிடும்போது, அது விற்ற வீடுகளின் கணக்கா, இன்னும் விற்காமல் நிற்கும் வீடுகளின் கணக்கா என்று பாருங்கள். முன்னதில் விற்காமலே விலக்கப்பட்ட வீடுகள் சேருவதில்லை.

வீடு தேடுபவர்:
அனைவருக்கும் நன்றி. வரலாற்றைக் கேட்டு வாங்கினேன். முதல் பதிவு 65 நாட்கள் ஆக்டிவாகவே இருந்திருக்கிறது, ஒருமுறைகூடப் பெண்டிங் ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை அதை ரத்துசெய்து, மறுநாள் காலையில் வேறு முகவர் வழியாகக் குறைந்த விலையில் பதிந்திருக்கிறார்கள். முறிந்த ஒப்பந்தம் ஏதும் இல்லாததால், முதலில் கேட்ட விலைதான் தடையாக இருந்திருக்கும் என்று எங்கள் முகவரும் கருதுகிறார். வீட்டு ஆய்வில் குறை தெரிந்தால் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்காமல், கேட்கும் விலைக்குச் சற்றுக் கீழே வாங்கும் விலையை நாளை எழுதிக் கொடுக்கப் போகிறோம்.