தடைச் செய்முறைக்கு மோட்டார் சைக்கிள் பற்றரி பாவிக்கலாமா?

விஞ்ஞான ஆசிரியை, திருக்கோவில்:
தரம் 11இல் 36 பிள்ளைகள், ஆறு குழு. நிக்குரோம் கம்பியின் நீளத்தோடு தடை எப்படிக் கூடுகிறது என்று அளக்க வைக்க வேணும். இருப்பது 28 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பியின் தடிப்பு இலக்கம்) கம்பி, மலிவான டிஜிற்றல் பல்மானிகள் (மல்ரிமீற்றர்), 12 வோல்ற்று மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று. பற்றரியிலேயே செய்யலாமா?

பௌதிகவியல் ஆசிரியர், களுவாஞ்சிக்குடி:
வேண்டாம் மிஸ். அந்தக் கம்பி மீற்றருக்கு ஏறத்தாழ 10 ஓம். ஒரு பிள்ளை 20 சென்ரிமீற்றரில் கவ்வியைப் போட்டால் தடை 2 ஓம்தான். 12 வோல்ற்றுக்கு 6 அம்பியர், 72 உவாற்று. கம்பி சிவந்து கையைச் சுடும், மேசையைக் கருக்கும். முனைகள் நேரே தொட்டுவிட்டால் இன்னும் மோசம்.

குழுவுக்கு இரண்டு சாதாரண 1.5 வோல்ற்று பெரிய டோர்ச் பற்றரி போதும். லிதியம் கலம் வேண்டவே வேண்டாம். தொடராக 22 ஓம், 1 உவாற்றுத் தடையி ஒன்றை (சிவப்பு, சிவப்பு, கறுப்பு) பற்றரிப் பெட்டியிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் கழற்றக் கூடாது. அதற்குப் பிறகு எங்கே தொட்டாலும் 3 ÷ 22, அதாவது 0.14 அம்பியருக்கு மேல் ஓடாது. "கவனமாகச் செய்யுங்கோ" என்று சொல்வதை நம்பி ஆய்வுகூடம் நடத்த முடியாது, காவல் சுற்றுக்குள்ளேயே இருக்க வேணும்.

ஆளிக்கு வீட்டு மணியின் அழுத்து ஆளி நல்லது. கையை எடுத்தால் சுற்று தானாகத் திறக்கும், பற்றரியும் மிஞ்சும்.

ஆய்வுகூட உதவியாளர், கல்முனை:
சேர் சொன்னதோடு இதையும் செய்யுங்கோ. ஒரு மீற்றர்க் கம்பியைப் பலகையில் இழுத்து, இரு நுனியையும் பித்தளைத் திருகாணி, வொஷருக்குள் இறுக்குங்கோ. நிக்குரோமில் சாதாரண ஈயம் ஒட்டாது. இழுக்கும்போது நுனி தெறித்துக் கண்ணில் குத்தும், கண்ணாடி போடுங்கோ.

மின்னோட்டம் எப்பவும் முழு மீற்றருக்கும் போகட்டும். வோல்ற்றுமானியின் ஒரு முனையைத் தொடக்கத்தில் வைத்து, மற்றதை மட்டும் 10, 20, 30 சென்ரிமீற்றர் என்று நகர்த்துங்கோ. ஓட்டம் ஏறத்தாழ 90 மில்லியம்பியரில் நிற்கும். 10 சென்ரிமீற்றருக்கு 0.09 வோல்ற்று அளவில் ஏறும். நம்ம கரையோர உப்புக்காற்றில் முதலைக் கவ்வி பச்சை பிடிக்கும். கவ்வியையே நகர்த்தினால் அந்தத் தொடுகைத் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த முறையில் சேராது.

விஞ்ஞான ஆசிரியை, திருக்கோவில்:
நன்றி. ஒரே பல்மானியால் ஓட்டத்தையும் வோல்ற்றையும் மாறி மாறி எடுக்கலாமா?

பௌதிகவியல் ஆசிரியர், களுவாஞ்சிக்குடி:
குழுவுக்கு இரண்டு கொடுங்கள் மிஸ். பல்மானிக்குள் இருக்கும் உருகி (பியூஸ்) அதிகம் எரிந்து போவது அந்த மாற்றத்தில்தான்: 200 மில்லியம்பியர் வீச்சில் விட்ட மானியை அப்படியே, 22 ஓம் தடையி இடையில் இல்லாமல், பற்றரியின் குறுக்கே நேரே வைத்துவிடுவார்கள். பிறகு சுழியம் காட்டும், பிள்ளைகள் கம்பி அறுந்தது என்று தேடுவார்கள். உருகிக்குப் பதிலாக வெள்ளித்தாள் சுற்ற விடாதீர்கள். அம்பியர்மானியாக வைத்ததின் குமிழை ரேப் போட்டு ஒட்டுங்கள்.

வோல்ற்றை ஓட்டத்தால் பிரித்து வரும் தடையை நீளத்துக்கு எதிரே வரைந்த வரைபு உற்பத்தியூடாக (அச்சுகள் சந்திக்கும் சுழியப் புள்ளியூடாக) போகாவிட்டால் முதலில் அளவுகோலின் சுழியம் தொடக்க முனையில் நிற்கிறதா என்று பாருங்கள். எல்லா வாசிப்பும் கூடுதலாக வந்தால் பல்மானியின் 9 வோல்ற்று பற்றரி இறங்கியிருக்கும்.