கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

பாப்பாரப்பட்டியான்:
காலையிலேயே எரிச்சல். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் நேற்று இங்கே எழுதியதைப் படித்தீர்களா? பெயரைச் சொல்ல மாட்டேன், அவரே வருவார். நம்ம பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நோட்டீஸ் கொடுத்த இரண்டு மாணவர்களைப் பத்து நாள் இடைநீக்கம் செய்தார்களே, அது கருத்துரிமைப் பிரச்சினையே இல்லையாம். 'கேட்டுக்குள் அனுமதியில்லாமல் தாள் கொடுப்பது ஒழுங்கீனம்' என்கிறார். ஐயா, கேட்டுக்குள் என்று உங்களுக்கு யார் சொன்னது? பையன்கள் நின்றது வெளியே, பஸ் நிற்கிற புளியமரத்தடியில். மஞ்சள் அரைத்தாள், நாலு வரி. உதவித்தொகை ஏன் வரவில்லை, கல்லூரி முதல்வர் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கீழே அமைப்பின் பெயர். இதற்குப் பத்து நாளா?

பழைய விரிவுரையாளர்:
வந்துவிட்டேன். பெயர் சொல்லாமல் திட்டுவது உங்கள் பழைய வழக்கம்தானே. புளியமரம் கல்லூரி இடத்தில் இருக்கிறது. நான் அங்கே 22 வருஷம் பாடம் எடுத்தவன். மரத்தடி என்றால் உள்ளே.

பாப்பாரப்பட்டியான்:
மரத்தடி என்றால் வெளியே. 22 வருஷமும் காரில் போனவருக்கு பஸ் ஸ்டாப் எங்கே தெரியப் போகிறது?

ஊத்தங்கரை வக்கீல்:
ஒரு நிமிஷம். முதலில் அது அரசுக் கல்லூரியா, தனியாரா? அரசியலமைப்பில் பேச்சுரிமை தருகிற 19(1)(அ) பிரிவைப் பொதுவாக அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும். தனியார் என்றால் வழக்கு வேறு மாதிரி போகும். அப்புறம், 'இடைநீக்கம்' என்று எழுத்தில் கொடுத்தார்களா, வாயால் சொன்னார்களா?

பழைய விரிவுரையாளர்:
வக்கீல் சார், அது இருக்கட்டும். வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கையைக் கல்லூரி நிர்வாகம் தடுக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2003இலேயே சொல்லிவிட்டது. லிங்டோ குழு அறிக்கை இருக்கிறது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று உத்தரவு போட்டது. அதன்படி அச்சடித்த சுவரொட்டியே கூடாது, கையால் எழுதியதுதான், அதுவும் நிர்வாகம் ஒதுக்கிய இடத்தில்தான். மஞ்சள் தாள் அச்சடித்ததா, கையால் எழுதியதா?

பாப்பாரப்பட்டியான்:
லிங்டோ எழுதியது மாணவர் தேர்தலுக்கு! வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, 75 சதவீதம் வருகை வேண்டும் என்றெல்லாம் அதில்தான் வருகிறது. அந்தக் கல்லூரியில் தேர்தல் நடந்ததை என் தம்பி பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. தேர்தலை வைக்க மாட்டார்கள், தேர்தல் விதியை மட்டும் எடுத்து நீட்டுவார்கள். சாப்பாடு போடாமல் இலையை ஒழுங்காக மடி என்கிற கதை.

நீங்கள் சொல்கிற கேரளத் தீர்ப்பும் 'வளாகத்துக்குள்' என்றுதான் பேசுகிறது. உள்ளே என்றால்தானே? இவர்கள் வெளியே நின்றார்கள். பேச்சுரிமையை எதற்கெல்லாம் கட்டுப்படுத்தலாம் என்கிற 19(2) பட்டியலைப் படியுங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு எல்லாம் இருக்கிறது. முதல்வருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது என்பது அதில் இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் என்ன நடந்தது? அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் குழு 2014 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. மறுவருஷம் யாரோ பெயர் போடாத ஒரு மொட்டைக் கடிதம் எழுதி மத்திய அமைச்சகத்துக்கு அனுப்பினார்கள். அமைச்சகம் அதை ஐ.ஐ.டி.க்குத் தள்ளியது. மே மாதம் அங்கீகாரம் போனது. கேட்டால், 'பேசியதற்காக இல்லை, விதியை மீறி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தியதற்காக' என்றார்கள். ஊரெல்லாம் சத்தம் கிளம்பியதும் ஜூனில் அங்கீகாரம் திரும்பி வந்தது. எப்போதும் இதே கதைதான். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டார்கள், எங்கே நின்று பேசினாய், எந்தப் பெயரில் பேசினாய் என்றுதான் கேட்பார்கள். இங்கே அதற்குப் பெயர் புளியமரம்.

பழைய விரிவுரையாளர்:
அதைத் தடை என்று சொல்லக்கூடாது. அங்கீகார ரத்து.

பாப்பாரப்பட்டியான்:
நான் எங்கே தடை என்று எழுதினேன்? கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

காவேரிப்பட்டணம் மாங்கா:
அண்ணே, பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 2000ஆம் வருஷம் இலக்கியம்பட்டியில் கல்லூரி பஸ்ஸைக் கொளுத்தி மூன்று மாணவிகள் இறந்தார்களே. கட்சி அரசியல் மாணவர்கள் பக்கம் வந்தால் எங்கே போய் முடியும் என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?

பாப்பாரப்பட்டியான்:
அதை இதில் இழுக்காதே தம்பி. கொளுத்தியவர்கள் கட்சிக்காரர்கள். இறந்தது கல்விச் சுற்றுலா வந்த வேளாண்மைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள். கொளுத்தியவன் வேறு, வெந்தவர்கள் வேறு. வெந்தவர்களைக் காட்டி மாணவன் வாயை அடைப்பாயா? எங்க ஊரில் சுப்பிரமணிய சிவா மண்டபம் இருக்கிறது, ஒருநாள் வந்து பார். பேசியதற்காக 1908இல் 10 வருஷம் தீர்ப்பு வாங்கிய மனுஷன்.

பழைய விரிவுரையாளர்:
சிவா பிறந்தது வத்தலகுண்டு. பேசியது தூத்துக்குடி, திருநெல்வேலி. உங்கள் ஊருக்குக் கடைசிக் காலத்தில் வந்து 1925இல் காலமானார். பேச்சை அங்கே விட்டுவிட்டு மண்டபத்தை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு மீசையை முறுக்குகிறீர்கள்.

பாப்பாரப்பட்டியான்:
எங்க ஊரில் பாரத மாதா கோயில் கட்ட ஆசைப்பட்டவர். தொழுநோயோடு ஊர் ஊராக நடந்தவர். அவரைப் பற்றி இப்படியா பேசுவது? நீங்கள் கிருஷ்ணகிரிதானே? உங்கள் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கட்டாய இந்தியை எதிர்த்தவர்களை 1938இல் கூட்டம் கூட்டமாக உள்ளே தள்ளினார். இந்த 'ஒழுங்கீனம்' என்கிற வார்த்தை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

காவேரிப்பட்டணம் மாங்கா:
ராஜாஜியை ஏன் கிருஷ்ணகிரி தலையில் கட்டுகிறீர்கள்? 1878இல் அது சேலம் ஜில்லா. நாங்கள் உங்களை விட்டுத் தனி மாவட்டமாகப் பிரிந்ததே 2004இல்தான். பிரிந்ததும் நல்லதுக்குத்தான்.

பாப்பாரப்பட்டியான்:
பிரியும்போது மாம்பழத்தைக் கொண்டு போனீர்கள், புளியை விட்டுவிட்டுப் போனீர்கள். அதனால்தான் மரம் யாருடையது என்று எங்களுக்குத் தெரிகிறது.

பழைய விரிவுரையாளர்:
மரம் யாருடையது என்றுதான் நானும் கேட்கிறேன். அந்தப் புளியை வருஷா வருஷம் ஏலம் விட்டது கல்லூரி. மாசி மாதம் உலுக்குவதற்கு ஆள் வருவான், வேதியியல் ஆய்வகத்துப் படிக்கட்டில்தான் மூட்டை கட்டுவான். ஆகவே உள்ளே.

பாப்பாரப்பட்டியான்:
ஏலம் விட்டது நெடுஞ்சாலைத் துறை. மரத்தில் வெள்ளையடித்துக் கறுப்பில் எண் போட்டிருக்கும். கல்லூரி மரத்துக்கு எவன் எண் போடுவான்? ஆகவே வெளியே. வெளியே. வெளியே.

ஊத்தங்கரை வக்கீல்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அரசா, தனியாரா? விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்களா? விசாரிக்காமல் பத்து நாள் என்றால் உள்ளேயோ வெளியேயோ, அந்த உத்தரவே நிற்காது.

பழைய விரிவுரையாளர்:
உண்மையைச் சொல்லிவிடலாம். இடைநீக்கமான இரண்டு பேரில் ஒருவன் இவருடைய தம்பி. கருத்துரிமை இல்லை, வீட்டுக் கோபம்.

பாப்பாரப்பட்டியான்:
ஆமாம், என் தம்பிதான். அதனால் மரம் உள்ளே போய்விடுமா? நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சதவீத வருகை குறைவு என்று என் ஹால் டிக்கெட்டை இழுத்து வைத்து, அப்பாவை வரவழைத்து வராந்தாவில் மத்தியானம் வரை நிற்க வைத்தவர் இந்த ஐயா. அன்றைக்கும் அவர் சொன்னது 'ஒழுங்கு'தான்.

பழைய விரிவுரையாளர்:
இரண்டு இல்லை. நான்கு சதவீதம்.

ஓகேனக்கல் பரிசல்:
எல்லாருக்கும் வணக்கம். அந்த வழியாகத்தான் தினமும் வண்டி ஓட்டுகிறேன். மரத்தை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். கேட்டையும் பத்தடி உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள்.

பாப்பாரப்பட்டியான்:
பார்த்தீர்களா! ரோட்டுக்காக வெட்டினார்கள் என்றால் மரம் ரோட்டில்தான் இருந்திருக்கிறது.

பழைய விரிவுரையாளர்:
கேட்டைத் தள்ளினார்கள் என்றால் முன்பு கல்லூரி இடம் மரத்தையும் தாண்டி இருந்திருக்கிறது. நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

பாப்பாரப்பட்டியான்:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்? பரிசல் தம்பி, கேட்டைத் தள்ளியது எந்தத் தேதி? நோட்டீஸ் கொடுத்ததற்கு முன்னாலா, பின்னாலா?

ஓகேனக்கல் பரிசல்:
தேதியெல்லாம் தெரியாதுங்க. அடிமரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. எண் போட்ட பக்கம் மண்ணில் கவிழ்ந்து கிடக்கிறது.

பழைய விரிவுரையாளர்:
எண்ணே கிடையாது.

பாப்பாரப்பட்டியான்:
நாளைக்குக் கடப்பாரையோடு போகிறேன். புரட்டிப் படம் எடுத்துப் போடுகிறேன்.

பழைய விரிவுரையாளர்:
உள்ளே போவதாக இருந்தால் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.