முதல் நாள் அவள் என்னிடம் வரவில்லை: தத்து எடுத்தவர்களே, உங்கள் முதல் சந்திப்பைச் சொல்லுங்கள்

திருச்சி அம்மா:

நான் கை நீட்டியதும் குழந்தை தாவி வரும் என்று நினைத்துப் போனவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2017-ல் காராவின் (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) தளத்தில் பதிவு செய்தோம். 2020 ஜனவரியில் ரெஃபரல் வந்தது, அதாவது இந்தக் குழந்தை உங்களுக்குச் சம்மதமா என்று போட்டோவும் விவரமும் அனுப்பினார்கள். ஒன்பது மாதப் பெண் குழந்தை, மொட்டைத் தலை, போட்டோவுக்கு வெளியே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு சொல்ல 48 மணி நேரம் தருவார்கள். எங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

குழந்தை இருந்தது மதுரைக்குத் தெற்கே ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லத்தில். போகும் வழியில் துவரங்குறிச்சியில் டீ குடிக்க நிறுத்தினோம். எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. இல்லத்தில் முதலில் கமிட்டி உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்தது, கேள்விகள் கேட்டது. அதெல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. அப்புறம் ஒரு ஆயாம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆயாம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினேன். வீல் என்று அலறல்.

என் கணவர் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயாம்மாதான் மெல்லச் சொன்னார்: "உங்க சேலை கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கும்மா. பாப்பாவுக்கு உறுத்துது. நாளைக்குப் பழசு ஏதாவது கட்டிட்டு வாங்க."

இந்த நாளுக்கென்று எடுத்து வைத்த சேலை அது. லாட்ஜில் பெட்டியைக் குடைந்து, ராத்திரி போர்த்திக்கொள்ள எடுத்து வந்திருந்த பழைய வாயில் புடவையைக் கட்டிக்கொண்டு மறுநாள் போனேன். ஐந்து நிமிடம் மடியில் இருந்தாள். ஆயாம்மா பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவர் எழுந்தால் அழுகை. மூன்றாம் நாள் கையெழுத்தெல்லாம் முடிந்து காரில் ஏறும்போது, அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "ஒரு வாரத்துக்குத் துவைச்சிடாதீங்க" என்றார். அவர் அழவில்லை. உள்ளே இன்னும் பத்துக் குழந்தைகள் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி விளக்கை அணைத்ததும் ஆரம்பித்தது. பால், தொட்டில், தோள், மொட்டை மாடி, எதுவும் பலிக்கவில்லை. ஒரு மணிக்கு மேல் வேறு வழியில்லாமல் இல்லத்துக்குப் போன் போட்டேன். நைட் டூட்டியில் அதே ஆயாம்மா. "ஐயோ, இங்க ராத்திரி பூரா ட்யூப்லைட் எரியுமே, சொல்ல மறந்துட்டேனே" என்றார். லைட்டைப் போட்டோம். துண்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். எங்களிடம் கொடுத்த அறிக்கையில் எடை, தடுப்பூசி, தலைச் சுற்றளவு வரை இருந்தது. ட்யூப்லைட் இல்லை.

யாருமில்லாத குழந்தைக்கு அம்மா ஆகப் போகிறேன் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அங்கே ஒருத்தி இருந்தாள். அந்த ஆயாம்மாவிடமிருந்து பிரித்துத்தான் கூட்டி வந்தேன் என்பது அந்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது. உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா?

கோவை அப்பா:

எங்களுக்கு முதல் சந்திப்பைவிட, வீட்டுக்கே வந்து நம்மை விசாரிக்கிற ஹோம் ஸ்டடிதான் வயிற்றைக் கலக்கியது. சோஷியல் ஒர்க்கர் வருகிறார் என்று வீட்டுக்கு வெள்ளையடித்து, பால்கனியில் வலை போட்டு, அம்மாவுக்கு என்ன பேச வேண்டும் என்று பாடம் எடுத்து வைத்திருந்தேன். வந்தவர் வெள்ளையடித்ததைப் பார்க்கவே இல்லை. நேரே அடுப்படிக்குப் போய் அம்மா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "தத்து எடுத்ததுக்கு அப்புறம் உங்க மருமகளுக்கே ஒரு குழந்தை பொறந்தா?" என்று கேட்டார்.

என் அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "பொறந்தா என்ன, ரெண்டுக்கும் ஒரே சோறு, ஒரே வெளக்குமாறு" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். அந்தம்மா சிரிக்காமல் ஏதோ எழுதிக்கொண்டார். அறிக்கையில் 'பாட்டி இயல்பாகப் பேசுகிறார்' என்று இருந்தது!

ஒரு கசப்பும் உண்டு. அப்போதைய விதிப்படி ஹோம் ஸ்டடிக்கு 6,000, குழந்தையை ஒப்படைக்கும்போது நிறுவனத்துக்கு 40,000. அதைக் கட்டிய பிறகு அலுவலகத்தில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டட நிதிக்கு ஏதாவது கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். குழந்தை அடுத்த அறையில். நமக்கு நாக்கு எழுமா? கொடுக்கிறேன் சார், ரசீது மட்டும் வேண்டும் என்றேன். பேச்சு அதோடு நின்றது. எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், என் மைத்துனருக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை.

திருச்சி அம்மாவுக்கு: என் மகன் என்னிடம் உடனே வந்துவிட்டான். என் மனைவியிடம் வர மூன்று வாரம். அவள் குளியலறையில் போய் அழுதது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

சென்னை, தனி அம்மா:

இதை எங்கேயும் எழுதியதில்லை. எனக்கு வந்த முதல் ரெஃபரலை நான் வேண்டாம் என்றேன். மருத்துவ அறிக்கையில் இதயத்தில் சிறு ஓட்டை என்று இருந்தது. குழந்தை டாக்டரிடம் காட்டினேன். பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், ஆனால் நான் எழுதித் தர முடியாது என்றார். வீட்டில் நான் ஒருத்திதான், சம்பளமும் ஒன்றுதான். மனசு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். 48 மணி நேரத்தில் நாற்பதை அந்தப் போட்டோவைப் பார்த்தே கழித்தேன். கடைசியில் மறுத்தேன். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, மூன்று ரெஃபரல் வரை வரும். எனக்கு யாரும் திட்டும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம்.

எட்டு மாதம் கழித்து வந்தவன்தான் என் மகன். பதினான்கு மாதம் அப்போது. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. என் பையைக் கவிழ்த்து, கண்ணாடிக் கூட்டை எடுத்து, திறந்து மூடி, திறந்து மூடி. டப் டப் என்று அந்தச் சத்தம். அதை நான் திரும்ப வாங்கவே முடியவில்லை. கூட்டோடுதான் வீட்டுக்கு வந்தான். நான் பாவம், கண்ணாடியைக் கர்ச்சீப்பில் சுற்றி எடுத்து வந்தேன்.

நாமக்கல் வாசகி:

அக்கா, எனக்கு 39, அவருக்கு 41. பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. தெரிந்த நர்ஸ் ஒருவர், காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே கை மாற்றித் தருகிறேன், பிறப்புச் சான்றிதழும் உங்கள் பெயரிலேயே வாங்கலாம் என்கிறார். மாமியார் வீட்டில் சரி என்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது.

திருச்சி அம்மா:

வேண்டாம் தங்கச்சி. உங்கள் மாவட்டத்திலேயே, ராசிபுரத்தில் 2019 ஏப்ரலில் நடந்தது மறந்திருக்காது. குழந்தைக்கு விலை பேசிய ஆடியோ ஊரெல்லாம் சுற்றியதே, ஓய்வு பெற்ற நர்ஸ் கைதானாரே. சிறார் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து வருடம் வரை சிறை. ஆஸ்பத்திரி ஆள் என்றால் ஏழு வருடம் வரை போகும். ஜெயிலை விடுங்கள். பெற்றவள் மனசு மாறினால் என்ன செய்வீர்கள்? முறையாக ஒப்படைக்கும் தாய்க்கே யோசித்துத் திரும்ப வாங்கிக்கொள்ள 60 நாள் கொடுக்கிறார்கள். அந்த நர்ஸ் அவளுக்கு ஒரு நாளாவது கொடுப்பாரா?

வயதைப் பற்றிப் பயம் வேண்டாம். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, தம்பதி இருவர் வயதையும் கூட்டி 85-ஐத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 80.

காத்திருப்பு கொடுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்களுக்குக் குழந்தை வந்த பிறகும் காத்திருப்பு தீரவில்லை. கோர்ட்டில் மனு போட்ட சமயம் லாக்டவுன். உத்தரவு வர அடுத்த வருடம் ஆகிவிட்டது. அதுவரை பிறப்புச் சான்றிதழ் இல்லை. இப்போது கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே உத்தரவு கொடுக்கிறார்.

கோவை அப்பா:

அந்த ஆயாம்மாவை அப்புறம் பார்த்தீர்களா?

திருச்சி அம்மா:

பார்க்கவில்லை சார். மார்ச் மாதம் குழந்தையைக் கூட்டி வந்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் ஊரடங்கு. எல்லாம் திறந்த பிறகு போனால், அவர் வேலையை விட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். நம்பர் கேட்டேன், விதிப்படி தர முடியாது, உங்கள் நம்பரை வேண்டுமானால் அவரிடம் கொடுக்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வருடம் தீபாவளிக்கு மறுநாள் தெரியாத நம்பரிலிருந்து போன். பேர்கூடச் சொல்லவில்லை. "இன்னும் லைட்டு போட்டுத்தான் தூங்குறாளாம்மா?" என்று கேட்டார்.

ஜீரோ வாட்ஸ் பல்புக்கு வந்துவிட்டாள் என்றேன்.